புறம்போக்கில் ஒரு ராத்தங்கல்

சோடா பாட்டில் உடைந்தால் சில்லை எப்படிப் பொறுக்க வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஓர் ஆட்டுப்பட்டிக்காரர்.

கல்லூரியில் கடைசி வருஷம். ராசிபுரம் பக்கத்தில் எங்கள் ஊர் ஏரி வற்றி, உள்வாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த மாசி மாதம். நண்பர்கள் ஐந்து பேர் அங்கே ஒரு ராத்திரி தங்கினோம். கூடாரமெல்லாம் கிடையாது. லாரிப் பட்டறையில் வேலை பார்த்த நண்பன் கொண்டுவந்த பழைய தார்ப்பாய், பரோட்டாப் பொட்டலம், நாலு சோடா, ஒரு தீப்பெட்டி. இருட்டில் யாரோ கால் இடறியதில் ஒரு பாட்டில் கல்லில் மோதிச் சிதறியது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டோம்.

வெளிச்சம் வருவதற்குள் செம்மறிக் கூட்டத்தோடு அவர் வந்துவிட்டார். அத்தனையும் மேச்சேரி ஆடுகள், செம்மண் நிறத்தில். எங்களைத் திட்டவில்லை. ஆடுகளைக் கரைமேலேயே நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். துண்டை விரித்தார். மண்டியிட்டு, உள்ளங்கையைத் தரையோடு தரையாக வைத்துத் தடவிக்கொண்டே நகர்ந்தார். தட்டுப்பட்ட சில்லை ஒவ்வொன்றாக எடுத்துத் துண்டில் போட்டார். எல்லாம் சேர்ந்தபின் அவற்றைப் பாட்டில் வடிவத்துக்கு அடுக்கிப் பார்த்தார். கழுத்துப் பக்கம் ஒரு துண்டு குறைந்தது. மறுபடியும் மண்டியிட்டார்.

“ஆடு எறங்கற எடம் கண்ணுங்களா. கொளம்புல ஏறுச்சுன்னா அது வாயத் தொறந்து சொல்லாதுல்ல.”

அந்தக் கடைசித் துண்டு அகப்பட முக்கால் மணி நேரம் ஆனது. நாங்கள் ஐந்து பேரும் அவர் பக்கத்தில் மண்டியிட்டுத் தடவிக்கொண்டிருந்தோம். அதுவரை ஆடுகள் கரைமேல் நின்று கத்திக்கொண்டே இருந்தன.

இப்போது சேலம், நாமக்கல் பிள்ளைகள் கையில் கூடாரம் இருக்கிறது. இருவர் படுக்கிற கூடாரம் இரண்டாயிரம் ரூபாய்க்குள் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. சனிக்கிழமை மாலையானால் அதைப் பைக்கில் கட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். எங்கே விரிப்பது என்பதுதான் தெரிவதில்லை. கொல்லிமலையிலோ ஏற்காட்டிலோ தனியார் கூடார விடுதிக்குப் போனால் அறை வாடகையே தேவலை என்று ஆகிவிடுகிறது. அதனால் சிலர் யாருக்கும் சொல்லாமல் காட்டுக்குள் ஏறிவிடுகிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில், நம் சமவெளியில் ஊர்ப்பொது நிலம் என்று ஒன்று கிடக்கிறது. அதில் குறைந்த செலவில், யாருக்கும் தொந்தரவில்லாமல், வந்த தடம் தெரியாமல் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வரும் வித்தை இந்த மண்ணில் புதியதே அல்ல. அதை மறக்காதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முதலில் அவர்களைப் பார்த்துவிடுவோம்.

எடப்பாடியார் கற்ற பாடம்

ஒவ்வோர் ஆண்டும் தைப்பூசக் கூட்டம் பழநியில் கலைந்த பிறகு எடப்பாடியிலிருந்து ஒரு கூட்டம் போய்ச் சேரும். பருவதராஜ குலத்தார் காவடிக் குழு. சேலம் மாவட்டத்திலிருந்து ஆயிரக்கணக்கில், பெண்களும் பிள்ளைகளும் வயசானவர்களுமாக, காவிரியைத் தாண்டி நாள்கணக்கில் நடக்கிறார்கள். முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலான வழக்கம் என்று தலைமுறைக் கணக்குச் சொல்கிறார்கள். மலைக்கோயிலில் வாழைப்பழம், சர்க்கரை, கற்கண்டு, பேரீச்சை, தேன், நெய், ஏலக்காய் கூட்டி டன் கணக்கில் பஞ்சாமிர்தத்தைத் தங்கள் கையாலேயே பிசைகிறார்கள். அன்று ராத்திரி மலைமேலேயே தங்குகிறார்கள். பழநி மலையில் ராத்தங்கும் உரிமை பக்தர்களில் வேறு எந்தக் கூட்டத்துக்கும் இல்லை; எடப்பாடியாருக்கு மட்டும்தான். ஒரு பொது இடத்தில் ராத்தங்கும் உரிமை இத்தனை தலைமுறையாக ஒரே கூட்டத்தாரிடம் நிலைத்திருப்பதற்குப் பக்தி மட்டும் காரணமாக இருக்க முடியாது. தங்கிய இடத்தை அவர்கள் விட்டுவிட்டு வரும் விதத்துக்கும் அதில் பங்கு உண்டு என்றுதான் நினைக்கிறேன்.

தை மாதத்தில் நம் பக்கத்துச் சாலைகளில் நடக்கும் பாதயாத்திரைக் குழு எதையாவது பின்தொடர்ந்து போய், அது ராத்தங்கும் இடத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். கூட்டம் வந்து சேர்வதற்கு முன்பே குருசாமி போய்விடுவார். தோட்டத்துக்காரரிடமோ ஊர்ப் பெரியவரிடமோ, “ஏனுங்க, ராத்திரி இங்க இருந்துட்டு விடியால போயிர்றோங்க” என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாமே இருக்கிறது. கேட்காமல் படுத்தவனைச் சந்தேகப்படுகிற அதே ஊர், கேட்டுவிட்டுப் படுத்தவனுக்குக் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைக்கும்.

அப்படி ஒரு ராத்தங்கலில் அடுப்படியில் நான் பார்த்தது இது. கிணற்றடிக்கும் வைக்கோல் போருக்கும் எட்டத்தில், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று மண்ணை அள்ளித் தூவிப் பார்த்து, மூன்று கல்லைக் கூட்டினார்கள். அண்டாவைக் கழுவியது தேங்காய் நாரும் அடுப்புச் சாம்பலும். சோப்பு இல்லை. சாப்பிட்ட இலை முழுவதும் ஒரே குழியில். விடியற்காலை மூன்று மணிக்குக் கூட்டம் கிளம்பிய பிறகு இரண்டு பெண்கள் மட்டும் பின்தங்கினார்கள். சாம்பலில் தண்ணீர் ஊற்றிக் கிளறி, கையை வைத்துச் சூடு பார்த்து, குழியை மூடினார்கள். அப்புறம் அந்த மூன்று கல்லையும் எடுத்துக் கரி பிடித்த முகம் கீழே இருக்கும்படி வேலியோரம் கவிழ்த்து வைத்தார்கள். “அடுத்த கூட்டத்துக்கு வேணுமில்லீங்களா” என்றார் ஒரு அம்மா. வெளிச்சம் வந்தபோது, அங்கே நூறு பேர் படுத்து எழுந்தார்கள் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

யாருக்கும் இல்லாததால் எல்லாருக்கும்

புறம்போக்கு என்பதை நாம் வசவுச் சொல்லாக்கிவிட்டோம். தீர்வைக் கணக்குக்குப் புறம்பாகப் போன நிலம் என்பதுதான் அதன் பொருள். யாரும் உழுது வரி கட்ட வேண்டாம். ஊர் முழுவதும் அனுபவிக்கலாம். ஏரிப் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு, பாட்டைப் புறம்போக்கு, மேய்ச்சல் புறம்போக்கு, மந்தைவெளி, களம் என்று அதில் எத்தனையோ வகை. 2017இல் டி.எம்.கிருஷ்ணா பாடிய ‘சென்னை பொறம்போக்கு பாடல்’ எண்ணூர்க் கழிமுகத்துக்காக எழுந்தது. அந்தச் சொல்லின் மானத்தை அது கொஞ்சம் மீட்டுக் கொடுத்தது.

நிலத்தை அளந்து, தரம் பிரித்து, குடியானவனிடமே நேராகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறை முளைவிட்டது நம் சீமையில்தான். 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து சேலமும் பாராமகாலும் கம்பெனி கைக்கு வந்தபோது, கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் இங்கே நிலம் அளக்க வந்தார்கள். கிராமம் கிராமமாகக் கூடாரம் அடித்து, அதிலேயே கச்சேரி நடத்தியவர்கள் அவர்கள். முகாம் என்ற சொல் இன்றுவரை வருவாய்த்துறைக் கடிதங்களில் ஊர்ப்பெயருக்கு முன்னால் நிற்பது அந்தக் காலத்து மிச்சம் என்றே தோன்றுகிறது. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் வியப்பாக இருக்கும். இந்தப் புறம்போக்குகளைக் கணக்கில் ஏற்றிய துறையே கூடாரத்தில் வாழ்ந்த துறை.

அந்தக் கணக்கு இன்று அ-பதிவேடு என்ற பெயரில் கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கிறது. புல எண்ணைப் போட்டால் அரசின் இ-சேவை தளத்திலும் பார்க்கலாம். எந்த நிலம் பட்டா, எந்த நிலம் ஏரி, எது மந்தை என்று அதில் தெரிந்துவிடும். வெறுமையாகக் கிடக்கிறதே என்று நீங்கள் கூடாரம் அடிக்கிற இடம் ஒருவேளை இன்னொருவர் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய கால் ஏக்கராக இருக்கும். மயானமாகவும் இருக்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு குழு அழகான புல்வெளி என்று படுத்துவிட்டு, விடிந்த பிறகு பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த குடும்பத்தின் நடுவே விழித்தது.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். புறம்போக்கில் ராத்தங்குவது உங்கள் உரிமை என்று எந்தச் சட்டமும் எழுதிக் கொடுக்கவில்லை. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம், அனுமதியில்லாமல் அரசு நிலத்தில் அமர்ந்தவருக்கு அபராதம் போட்டு வெளியேற்ற வழி செய்கிறது. 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் ஏரி நிலத்தில் இன்னும் கறார். ஒரு ராத்திரி படுத்து எழுவது ஊர் வழக்கத்தின் தயவில் நடப்பதுதான். அதனால் ஊராட்சிச் செயலரிடம் ஒரு வார்த்தை, கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு வார்த்தை, பெண்கள் கூட வந்தால் காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை. பெரிய ஏரியென்றால் நீர்வளத்துறையிடமும் கேட்க வேண்டும். நூறு ஏக்கருக்கும் குறைவான ஆயக்கட்டு உள்ள ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் கையில். கேட்டால் வேண்டாம் என்றுவிடுவார்களே என்று பயப்படுகிறார்கள். வேண்டாம் என்று சொன்ன இடத்தில் படுக்கக் கூடாது. அதற்குத்தான் கேட்பது.

மலையடிவாரம் வேறு கதை

சேர்வராயன், ஜருகுமலை, போதமலை, கொல்லிமலை என்று நம் சமவெளியைச் சுற்றி எங்கே பார்த்தாலும் மலை. எந்த மலையில் ஏறினாலும் எங்காவது ஓரிடத்தில் காப்புக்காடு தொடங்கிவிடும். பலகை இருக்கலாம், சுண்ணாம்படித்த கற்குவியல் இருக்கலாம், ஒன்றுமே கண்ணில் படாமலும் போகலாம். 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச்சட்டப்படி அங்கே அனுமதியில்லாமல் நுழைவது குற்றம், தீ மூட்டுவது குற்றம். மலையில் வீடும் காடும் உள்ளவர்களுக்கு வழி உண்டு, கூடாரக்காரருக்கு இல்லை.

இந்தச் சட்டத்தைச் சிலர் வெறும் கெடுபிடியாக நினைக்கிறார்கள். 2018 மார்ச் 11ஆம் தேதியை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றக் குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கின. சென்னையிலிருந்து ஒரு குழு. இன்னொரு குழு நம் பக்கத்து ஈரோடு, திருப்பூர்ப் பிள்ளைகள். 23 உயிர்கள். காய்ந்த போதைப்புல் சரிவில் தீ ஏறும் வேகத்துக்கு மனிதன் ஓட முடியாது. மாசி, பங்குனியில் கொல்லிமலைச் சரிவிலும் ஜருகுமலையிலும் ராத்திரி நேரம் சிவப்புக் கோடாகத் தீ நகர்வதை நாமக்கல், சேலம் சாலையில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். யாரோ வீசிய பீடித்துண்டு அது, அல்லது யாரோ அணைத்துவிட்டதாக நினைத்துக்கொண்ட அடுப்பு.

குரங்கணிக்குப் பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளை வனத்துறை திறந்தது. இணையத்தில் பதிவு செய்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியோடு நடக்கலாம். சேலத்தில் கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து குண்டூருக்கு ஏறும் பாதை அதில் ஒன்று. தீக்காலத்தில் மூடிவிடுவார்கள். காட்டைப் பார்க்க ஆசை என்றால் அதுதான் நேர்வழி. பகலில் காட்டை நடந்துவிட்டு ராத்திரி சமவெளிக்கு இறங்கிவிடுங்கள்.

கோட்டைகளும் அப்படித்தான். நாமக்கல் மலைக்கோட்டையும், தீரன் சின்னமலை 1805இல் தூக்கிலிடப்பட்ட சங்ககிரிக் கோட்டையும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. பகலோடு இறங்கிவிட வேண்டும். சங்ககிரி உச்சியில் நிலா பார்க்க வேண்டும் என்று எனக்கும் ஆசை உண்டு. அந்த ஆசையைக் கீழே இருந்தே தீர்த்துக்கொள்கிறேன்.

ஆற்றங்கரையில் படுப்பவருக்கு

பூலாம்பட்டி, பள்ளிபாளையம், ஜேடர்பாளையம், பரமத்தி வேலூர், மோகனூர் என்று காவிரி நம் எல்லையைத் தொட்டுக்கொண்டே போகிறது. கரையோரத்தில் ராத்தங்கும் ஆசை யாருக்குத்தான் இருக்காது? கரையில் படுங்கள், மணல் திட்டில் மட்டும் படுக்காதீர்கள். மேட்டூர் அணையின் முழு உயரம் 120 அடி. அது நிறைந்துவிட்டால் மேலே கர்நாடகத்தில் பெய்த மழை அப்படியே கீழே வந்துவிடும். 2024 ஜூலை 30 அன்று அணை நிரம்பியது. ஆடிப்பெருக்கு நேரத்தில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் போனது. ஆண்டுதோறும் முளைப்பாரியும் காப்பரிசியுமாக மக்கள் நிற்கும் படித்துறைகளில் அந்த முறை கயிறு கட்டிப் போலீஸ் நின்றது. நம் ஊரில் வானம் தெளிந்திருக்கிறது என்பது காவிரிக்கு ஒரு கணக்கே இல்லை. ராத்தங்குவதற்கு முன் அன்றைய திறப்பு எவ்வளவு என்று செய்தியில் பாருங்கள், பரிசல்காரரைக் கேளுங்கள்.

ஏரி உள்வாயும் அப்படியே. மாசி, பங்குனியில் சரி. ஐப்பசி, கார்த்திகையில் கரைக்கு வெளியே போய்விட வேண்டும்.

என்ன கட்டிக்கொண்டு போவது

பெரிய பட்டியல் எதுவும் இல்லை. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரித் தார்ப்பாய்க்கா பஞ்சம்? பழசு போதும். கீழே அதை விரித்து மேலே பவானி ஜமுக்காளம். கொசுவலை மட்டும் நல்லதாக இருக்கட்டும், ஓரத்தைப் படுக்கைக்கு அடியில் செருகுகிற அளவுக்குப் பெரியதாக. கொசுவைவிட எனக்குக் கட்டுவிரியனைப் பற்றித்தான் கவலை. தரையில் படுத்திருப்பவரிடம் ராத்திரியில் ஊர்ந்து வருவது அது. கடித்தது தெரியாமலேயே தூங்குகிறவர்கள் உண்டு. வலி அவ்வளவு குறைவு. செருகிய கொசுவலை அதற்கு நல்ல தடுப்பு. கடித்துவிட்டால் கீறுவது, கட்டுவது, பச்சிலை எதுவும் வேண்டாம். 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்கு. விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும். டார்ச் இல்லாமல் இரண்டு எட்டுகூட வைக்காதீர்கள்.

செருப்பு கெட்டியாக இருக்கட்டும். ஏரிப் புறம்போக்கு முழுவதும் இப்போது வேலிக்காத்தான்தான். சீமைக்கருவேலம் என்று புத்தகத்தில் எழுதுவது. அதன் முள் ரப்பர் செருப்பை ஊடுருவி வரும். கூடாரத்தின் அடித்துணியையும் ஓட்டையாக்கும். இடத்தைச் சுத்தமாகக் கூட்டிவிட்டு விரியுங்கள். அதற்கு ஒரு சீமாறு கொண்டு போனால் காலையில் கிளம்பும்போதும் பயன்படும்.

சாப்பாட்டுக்குக் கட்டுச்சோறுக்கு மிஞ்சியது எதுவும் இல்லை. புளிச்சோறு, தயிர்ச்சோறு, துவையல், தூக்குப்போசி. அடுப்பே மூட்ட வேண்டாம் என்பதால் பாதிக் கவலை விட்டது. டீ இல்லாமல் முடியாது என்பவர்கள் சின்ன ஸ்டவ் வைத்துக்கொள்ளட்டும். அதையும் மீறித் தீ வேண்டுமென்றால், முன்பே யாரோ மூட்டிக் கறுத்த இடத்தில் மூட்டுங்கள். பச்சை மண்ணைப் புதிதாகக் கருக்காதீர்கள்.

கூச்சமில்லாமல் சொல்ல வேண்டிய இன்னொன்று. களைக்கொத்து ஒன்று எடுத்துப் போங்கள். தண்ணீர் இருக்கும் இடத்திலிருந்து எழுபது தப்படி தள்ளிப் போய், அரைமுழம் தோண்டி, வேலை முடிந்ததும் மண்ணைத் தள்ளி மூடுங்கள். டிஷ்யூத்தாளைப் புதைக்க வேண்டாம், கழுவ ஒரு பாட்டில் தண்ணீர் போதும். பெண்கள் பயன்படுத்தும் நாப்கின் கண்டிப்பாகப் பையில் கட்டி வீட்டுக்கே திரும்ப வேண்டும். நாய் தோண்டி எடுத்து ஊர் நடுவே இழுத்து வருவதைப் பார்த்தவர்களுக்கு நான் ஏன் இதை எழுதுகிறேன் என்று தெரியும்.

குளத்துத் தண்ணீரில் சோப்பு, ஷாம்பு எதையும் கரைக்காதீர்கள். அந்தத் தண்ணீரைத்தான் மாடு குடிக்கிறது. போக்குவரத்துக்கு டவுன் பஸ். பெண்களுக்கு அரசின் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணமே இல்லை. கடைசி பஸ்ஸில் இறங்கி, முதல் பஸ்ஸில் ஏறுகிற மாதிரி இடம் பார்த்தால் மொத்தச் செலவு ஒரு சினிமா டிக்கெட்டுக்குள் அடங்கிவிடும்.

கொல்லிமலை சொல்லும் கணக்கு

காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி, ஆடி 17, 18இல் நடக்கும் வல்வில் ஓரி விழாவுக்கு ஒருமுறை போய் வாருங்கள். மலைவாழ் மக்களும் கீழ்நாட்டவரும் கலக்கும் அருமையான விழா. அறப்பளீஸ்வரர் கோயிலில் கும்பிட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படி இறங்கி, ஆகாயகங்கையில் தலை நனைக்கிறார்கள். ராத்திரி சாலையோரத்திலும் வண்டிக்கடியிலும் படுக்கிறார்கள். அதில் குறை ஒன்றும் இல்லை. நம் தாத்தா காலத்திலும் அப்படித்தான் படுத்தார்கள்.

ஆனால் அவர்கள் கையில் இருந்தது வாழையிலையும் மண்சட்டியும். நம் கையில் இருப்பது பிளாஸ்டிக் கப், பாலிதீன் உறையில் பிரியாணி, ஷாம்பு பொட்டலம், மதுப்பாட்டில். அருவிக்கரையில் குளித்துவிட்டு அவிழ்த்துப் போட்ட துணி பாறை இடுக்கில் ஊறிக் கிடக்கிறது. ஆகாயகங்கையில் விழுகிற அய்யாறு கீழே புளியஞ்சோலை வழியாகத் திருச்சிச் சமவெளிக்கு இறங்குகிறது. மேலே போட்டது கீழே போய்த்தான் சேரும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. மஞ்சப்பை இயக்கம் 2021இல் வந்தது. நீலகிரியில் மதுப்பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் ஏற்பாட்டை 2022இல் உயர் நீதிமன்றம் சொல்லிக் கொண்டுவந்தார்கள். உடைந்த பாட்டில் யானைகளின் காலைக் கிழித்ததுதான் காரணம். யானையின் காலுக்கு உள்ள நீதிதான் எங்கள் மேச்சேரி ஆட்டின் காலுக்கும்.

சரி செய்ய முடியாத இடம் என்று எதுவும் இல்லை. சேலம் கன்னங்குறிச்சி மூக்கனேரியைச் சேலம் மக்கள் குழு 2010இல் கையில் எடுத்தபோது அதன் கோலத்தைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். தூர்வாரிய மண்ணையே நடுவில் திட்டுகளாக்கி மரம் வைத்தார்கள். இன்று அந்தத் திட்டுகளில் பறவை அடைகிறது.

வெளியே என்ன செய்கிறார்கள்

நார்வேயில் 1957இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். விளைநிலமாக இல்லாத வெளியில், அருகிலுள்ள வீட்டுக்கு 150 மீட்டர் தள்ளி, யாரையும் கேட்காமல் இரண்டு ராத்திரி கூடாரம் அடிக்கலாம். ஸ்காட்லாந்து 2003இல் அதே போல் உரிமை கொடுத்தது. இங்கிலாந்தில் டார்ட்மூர் பொதுவெளியில் கூடாரம் அடிக்கக் கூடாது என்று நிலக்காரத் தம்பதி வழக்குப் போட்டார்கள். மக்களுக்கு உரிமை உண்டு என்று 2025 மே மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமெரிக்காவின் கூட்டாட்சிப் பொது நிலங்களில் பெரும்பாலும் பதினான்கு நாள் வரை காசில்லாமல் தங்கலாம். அதற்குமேல் இடம் மாற வேண்டும்.

நம் நாட்டில் அதை அப்படியே கொண்டுவர முடியாது. அங்கே ஆளைவிட நிலம் அதிகம். இங்கே ஒரு மந்தைவெளியை ஆடு, மாடு, களத்து நெல், கபடி விளையாடும் பிள்ளைகள், மாரியம்மன் நோன்பி எல்லாம் பங்குபோட்டுக்கொள்கின்றன. 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் ஊர்ப்பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்கச் சொல்லி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. மீட்ட நிலத்தை முள்வேலி போட்டுப் பூட்டி வைப்பதால் பயனில்லை. ஆள் புழங்காத புறம்போக்கில் முதலில் வேலிக்காத்தான் வரும். பின்னாலேயே ஆக்கிரமிப்பாளர் வருவார். ஊர்க்காரரும் வெளியூர்க்காரரும் மரியாதையோடு புழங்கிக்கொண்டிருக்கிற இடத்தை வளைப்பது கஷ்டம். ராத்தங்கலை ஊராட்சிகள் பதிவேட்டோடு முறையாக அனுமதிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

எங்கள் ஊரில் ஏரிக்கரைக்கு வெளியே பழைய மந்தை ஒன்று கிடக்கிறது. அ-பதிவேட்டிலும் மந்தைதான். வரப்போகும் கிராம சபையில் கொடுக்க நண்பர்கள் நாங்கள் ஒரு மனு எழுதியிருக்கிறோம். வேலிக்காத்தானை வேரோடு எடுக்க வேண்டும். கழிப்பறை இரண்டு, ஒரு தண்ணீர்க் குழாய். வந்து தங்குகிறவர் பெயரும் போனும் எழுத ஒரு நோட்டு. ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு இருபது ரூபாய் ஊராட்சிக்கு. இவ்வளவுதான் எழுதினோம்.

மனுவை ஊர் டீக்கடையில் படித்துக் காட்டியபோது அந்தப் பட்டிக்காரரின் மகன் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் அப்பா இப்போது இல்லை. ஆடுகள் இருக்கின்றன.

“நல்லதுதானுங்க. ஆனா மழக்காலத்துல ஏரி ரொம்பிருச்சுன்னா எங்களுக்குப் பட்டி அடைக்க வேற மேடு கெடையாது. அந்த ரெண்டு மாசம் கூடாரம் வேணாமுங்க.”

அதை ஐந்தாவது வரியாகச் சேர்த்துக்கொண்டோம். ஐப்பசியும் கார்த்திகையும் மந்தை ஆடுகளுக்கு.